வெள்ளையாய் இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை

பொறிவண்டு என்றதும் சிவப்பு முதுகும் கருப்புப் புள்ளியும்தான் நினைவுக்கு வரும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியைத் தின்பதற்காகக் காபித் தோட்டங்களில் விடுகிற கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். முதுகு கருப்பு, தலையும் அதை ஒட்டிய பகுதியும் இறக்கையின் பின்நுனியும் செம்பழுப்பு. முன்னங்கால் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் ஆண், கருப்பென்றால் பெண். ஏதோ கருவண்டு என்று நசுக்கிவிட்டுப் போய்விடுவோம்.

அதைவிடப் பெரிய தவறு, இதன் புழுவைக் கொல்வது. சேலத்தில் எங்கள் மாடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியபோது, பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்தேன். கொழுத்துப் போயிருந்தவற்றைத் தேடித் தேடித் தேய்த்தேன். அவைதான் வண்டின் புழுக்கள்! உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. அச்சு அசல் மாவுப்பூச்சி வேஷம்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. மாவுப்பூச்சி இலைக்காம்பில் அசையாமல் அப்பிக் கிடக்கும். புழுவை ஈர்க்குச்சியால் தொட்டால் விறுவிறுவென நகரும். இழைகள் நீளமாக, கலைந்த தலைமுடி போல இருக்கும். வளர்ந்த புழு 13 மில்லிமீட்டர் வரை போகும். மாவுப்பூச்சிக்கு அதில் பாதி நீளம்கூட இருக்காது.

ஏற்காட்டில் காபி வைத்திருப்பவர்கள் எறும்பை மறந்துவிடக் கூடாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், வண்டை விரட்டும். எறும்பை அடக்காமல் வண்டு வாங்கி விடுவது வீண் செலவு. மருந்தடித்த கையோடு விடுவதும் அப்படித்தான்.

பச்சைச் செதில் பூச்சிக்கும் இந்த வண்டையே நம்ப வேண்டாம். 1898-ல் ஆஸ்திரேலிய வண்டான இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே காபியில் அந்தப் பூச்சியை ஒழிக்கத்தான். அதில் பெரிதாகப் பலனில்லை, கைகொடுத்தது மாவுப்பூச்சியிடம்தான்.

இன்னொன்று, கத்திரிச் செடியில் புள்ளியோடு ஒரு வண்டு வரும். செம்பு நிறம், மங்கிய முதுகு, மேலே மெல்லிய ரோமம், 28 புள்ளி. நல்ல பொறிவண்டு என்று அதை விட்டுவைப்போம். இலையின் பச்சையை ஏணிப்படி மாதிரி சுரண்டித் தின்பது அதுதான். பிரஷ்ஷை அங்கே எடுத்திருக்க வேண்டும் நான்.