ராமநாதபுரம் கரையிலிருந்து ஒளிரும் கண்ணாடி ஆராய்ச்சிக்குக் கூட்டாளி தேடுவது எப்படி

கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ நடத்துகிறீர்கள், ஒளிரும் பொருள்களில் ஆராய்ச்சி செய்ய ஆசை, ஆனால் கையில் இருப்பது ஒரு மஃபிள் ஃபர்னஸும் (உயர்வெப்ப மின்சூளை) ஒரு தராசும்தான் என்றால், இது உங்களுக்காகத்தான். பொருள் வெளியிடும் ஒளியை அளக்கும் ஃபோட்டோலூமினசென்ஸ் கருவி இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கருவி இன்னொருவரிடம் இருக்கட்டும். நல்ல கேள்வியும் ஒழுங்கான சாம்பிளும் உங்களிடம் இருந்தால் போதும்.

கேள்விதான் முதலில். "உங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள், போடாததில் தப்பும் இல்லை. உள்ளூரில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: கடல் இருக்கிறது, உப்புக்காற்று இருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். அதையே கேள்வியாக்குங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், வெளிச்சம் காட்டி எடுத்தால் இருட்டில் மணிக்கணக்கில் பச்சையாக ஒளிரும். 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பற்றி வெளியிட்டார்கள். வலை மிதவையிலும் நாட்டுப்படகின் விளிம்பிலும் வைத்தால் இரவில் எவ்வளவு உதவி! ஆனால் ஈரம் பட்டால் அந்தத் தூள் நீரோடு வினைபுரிந்து ஒளியை இழந்துவிடும். அதனால் அதைக் கண்ணாடிக்குள் பொதிய வேண்டும். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காற்றில் வைத்துச் சூடேற்றினால் இரண்டு மின்சுமை கொண்ட யூரோப்பியம் மூன்று மின்சுமை கொண்டதாக மாறி, பச்சை ஒளி மங்கும். சரி, குறைந்த வெப்பத்தில் உருகட்டும் என்று போரானை அள்ளிப் போட்டால் கண்ணாடியே தண்ணீரில் கரையத் தொடங்கும். எந்தக் கலவை, எத்தனை டிகிரி, உப்புத்தண்ணீரில் எத்தனை மாதம்? இதைக் கடலோரம் இல்லாத ஆய்வகம் தனியாகச் சோதிப்பதைவிட உங்களோடு சேர்ந்து செய்வது சுலபம்.

அடுத்தது ஆள். பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மண்டபத்தில் சிக்ரியின் அரிப்பு ஆய்வு மையம் உண்டு. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் தனிமங்கள் சேர்த்த கண்ணாடிகளில் நிறைய வேலை நடந்திருக்கிறது. கண்ணாடிக்கென்றே கொல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒருவருடைய இரண்டு கட்டுரைகளையாவது முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள். கடிதம் ஐந்தாறு வரி போதும்: கேள்வி இது, என்னால் இதைச் செய்ய முடியும், உங்களிடம் இந்த ஓர் அளவீடு வேண்டும், மூன்று சாம்பிள் தயாராக இருக்கிறது. அந்தக் கடைசி வரிக்குத்தான் மதிப்பு அதிகம். கூட்டாளி உடனே அமையாவிட்டால் நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடிக் கட்டணம் கட்டி அளக்கலாம். ஐஐடி மெட்ராஸின் சைஃப் என்ற பொதுக் கருவி மையத்திலும் வெளியார் சாம்பிள்களை ஏற்கிறார்கள்.

சாம்பிளில்தான் உங்கள் பெயர் நிற்கும். நம் கரையில் ஈரப்பதம் அதிகம், வாடைக்காற்று மழையில் இன்னும் மோசம். போரான் ஆக்சைடு தராசில் இருக்கும்போதே ஈரத்தை இழுக்கும், அதனால் போரிக் அமிலமாக எடுங்கள். சூட்டில் நீர் போய் எடையில் சுமார் 56 சதவீதம்தான் ஆக்சைடாக மிஞ்சும். அதாவது 10 கிராம் ஆக்சைடுக்கு 17.8 கிராம் அமிலம். உருக்கிய கண்ணாடியைப் பித்தளைத் தட்டில் ஊற்றி, இடித்து, சலித்து, ஒளிரும் தூளோடு உலர்வாகவே கலந்து, மறுபடி சூடேற்றி இறுக வைக்க வேண்டும். தண்ணீர் கூடவே கூடாது. பிறகு டெசிகேட்டர் (ஈரம் புகாமல் வைக்கும் மூடிய கலம்), அதிலும் ஈரம் உறிஞ்சும் நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பானதும் சூடேற்றிக் காய வைக்க வேண்டும். ஒவ்வொரு உருக்கிலும் கிடைப்பதை நான்காகப் பிரியுங்கள்: ஒன்று கூட்டாளிக்கு, ஒன்று உப்புத்தண்ணீருக்கு, ஒன்று காய்ச்சி வடித்த நீருக்கு, ஒன்று உலர்வாக உங்களிடம். தேதி, ஃபர்னஸ் வெப்பம், சூடேற்றிய நேரம், அன்றைய ஈரப்பதம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற வரைபடம்) வந்ததும் படத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள், மூல எண்களையும் அளவீட்டு விவரங்களையும் கேளுங்கள். 520 நானோமீட்டரை ஒட்டிய அகலமான மேடு நமக்கு வேண்டிய பச்சை. 590 முதல் 615 வரை ஒல்லியான கோடுகள் தெரிந்தால் யூரோப்பியம் மூன்றாகிவிட்டது என்று பொருள். ஆனால் 306 நானோமீட்டரில் தூண்டியிருந்தால் அதன் இரட்டிப்பு 612-இல் ஒரு போலிக் கோடு வரும், கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்கின் இரண்டாம் வரிசை ஒளி அது. ஃபில்டர் போட்டார்களா என்று கேளுங்கள், அல்லது தூண்டும் அலைநீளத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு கூடவே நகர்ந்தால் அது போலி. இந்தக் கேள்வியைக் கேட்டதுமே உங்கள்மேல் அவருக்கு நம்பிக்கை வரும்.

கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில், கூரியருக்கும் அளவீட்டுக்கும் யார் செலவு, மாணவர் யார் கீழ் என்பதையெல்லாம் முதல் சாம்பிள் போகும் முன்பே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் பின்னால் மனக்கசப்பு வரும். முதல் சாம்பிள் செய்த மாணவியின் பெயரும் அதில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உப்புத்தண்ணீர்ச் சோதனைக்குச் சாம்பிளைக் கடலில் கட்டித் தொங்கவிட வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளை ஒட்டிய பகுதியில் அனுமதியில்லாமல் எதுவும் வைக்கக்கூடாது. வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீரைக் கேனில் எடுத்து வந்து வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிச் சோதியுங்கள். இன்னொரு டப்பாவில் காய்ச்சி வடித்த நீர் இருக்கட்டும், அப்போதுதான் அரித்தது உப்பா வெறும் ஈரமா என்று பிரித்துச் சொல்ல முடியும். மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, உலர்வாக வைத்திருந்த ஜோடியோடு சேர்த்தே கூட்டாளிக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே ஸ்லிட் (கருவியில் ஒளி நுழையும் பிளவு) அளவில் அளக்கச் சொல்லுங்கள்.