சமவெளிக் குறிப்பை மலை அடுப்பில் சமைப்பது

ஊட்டிக்குக் குடிவந்த புதிதில், சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் எழுதிய சமையல் குறிப்புகளைப் பார்த்துத்தான் நான் சமைக்கப் பழகினேன். துவரம்பருப்புக்கு நான்கு விசில், இட்லி மாவு புளிக்க எட்டு மணி நேரம் என்று அவற்றில் இருந்ததை அப்படியே பின்பற்றியும் பருப்பு மசியாமல் முழுசாகக் கிடந்தது. இரவு வைத்த மாவு காலையிலும் அதே மட்டத்தில் அசையாமல் இருந்தது. குறிப்புகளில் தவறில்லை, எழுதியவர்கள் தத்தம் ஊரின் வெக்கையையும் சொல்லாமலே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். மலையில் சமைப்பவர் அந்தக் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே நிலைதான். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது; தண்ணீர்தான் வற்றும். குக்கரும் இதற்கு முழு விலக்கல்ல. அதன் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இவ்வளவு என்றுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. வெளிக்காற்றே மெலிந்திருக்கும் இடத்தில் உள்ளே சூடும் சில டிகிரி குறைந்துதான் நிற்கும்.

ஆகவே விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள். துவரம்பருப்பை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல் வையுங்கள். ஒரு பருப்பை இரு விரலுக்கிடையில் நசுக்கினால் நடுவில் மணல்போல எதுவும் உறுத்தக் கூடாது, அதுதான் பதம். சாம்பாருக்குக் காய் நன்றாக வெந்த பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். புளிப்பு சேர்ந்தால் காய் வேகத் தாமதமாகும், இந்தக் குறைந்த கொதியில் முள்ளங்கியும் பீன்ஸும் கடைசிவரை விறைப்பாகவே நின்றுவிடும்.

இட்லி மாவுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அளவில் மாற்றம் தேவையில்லை. சமவெளியில் கிரைண்டர் சூடாகாமலிருக்க ஐஸ் தண்ணீர் தெளித்து அரைப்பார்கள்; இங்கே வெதுவெதுப்பான நீரைத் தெளியுங்கள். அரைத்த உளுந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். உப்பு புளிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும் என்பதால் குளிர்காலத்தில் அதை மாவு பொங்கிய பிறகே சேர்க்கிறேன். மாவைக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி, வெந்நீரைவிடச் சூடு குறைந்த நீருள்ள அகன்ற அண்டாவில் இறக்கி, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். படுக்கப் போகுமுன் ஒருமுறையும் விடிந்ததும் ஒருமுறையும் அந்த நீரை மாற்றுங்கள். உறைபனி விழும் சனவரியில் இருபது மணி நேரத்துக்கு மேலும் ஆகும். எனவே நாளைக் காலை இட்லிக்கு இன்று காலையே அரைத்துவிடுவது நல்லது. கரண்டியை ஓரமாக இறக்கிக் கோதும்போது உள்ளே தேன்கூடுபோலக் குமிழ்கள் தெரிந்து, மெல்லிய நுரைச் சத்தம் கேட்டால் மாவு தயார்.

தயிருக்கும் இதே வழிதான்: சமவெளியில் சொல்லும் வெதுவெதுப்பைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் மூடி வைத்துவிட வேண்டும்.

தாளிப்புக்கு மலையென்றும் சமவெளியென்றும் பேதமில்லை. எண்ணெயின் சூட்டை உயரம் குறைப்பதில்லை என்பதால் கடுகு எங்கும் ஒரே மாதிரிதான் வெடிக்கும் (தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்பது மட்டுமே இங்குள்ள தொல்லை). வடை சுடுவது வேறு. மாவிலுள்ள ஈரம் குறைந்த சூட்டிலேயே ஆவியாவதால், உள்ளே வேகுமுன் வெளியே சிவந்துவிடும். தீயைச் சற்றுத் தணித்து, கூடுதல் நேரம் விட வேண்டும். பூண்டையும் பார்த்துப் போடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு மணமும் காரமும் தூக்கல் என்பதால், பத்துப் பல் என்று குறிப்பு சொன்னால் நான் ஆறோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒவ்வொரு குறிப்பையும் நோட்டில் எழுதும்போது பக்கத்தின் வலப்புறம் மூன்று விரல் இடம் விட்டு, எந்த மாதம், எவ்வளவு நேரம், என்ன பதம் என்பதை அங்கே குறித்து வாருங்கள். என் நோட்டில் இட்லிக்கு எதிரே "மே: 13 மணி, சனவரி: 22 மணி, கம்பளி இரண்டு" என்றிருக்கிறது.