பழைய கேபிளிலேயே வீட்டு நெட்வொர்க்

தொலைபேசிக்காகவோ கேபிள் டிவிக்காகவோ என்றோ சுவருக்குள் இழுத்த வயர் இன்று சும்மா கிடந்தாலும், வீட்டு நெட்வொர்க்குக்காகச் சுவரைக் கொத்திப் புதிய குழாய் பதிக்கும் முன் அதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

தொலைபேசி இணைப்பு இன்னும் இயங்கினால் முதலில் அதைத் துண்டியுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் அந்தக் கம்பியில் சுமார் 90 வோல்ட் இருக்கும். பிறகு சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதை டார்ச் வெளிச்சத்தில் படியுங்கள். ‘கேட் 5இ’ (Cat 5e) என்ற தரக் குறியீடு இருந்து, உள்ளே நான்கு முறுக்கு ஜோடிகளும் இருந்தால், 100 மீட்டர் தூரம் வரை விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்துக்கு அது தாராளமாகப் போதும். ‘கேட் 3’ என்றால் 10 மெகாபிட்டுக்குத்தான் உத்தரவாதம் என்பதால், அதற்காக மெனக்கெட வேண்டாம் என்பேன்.

ஆனால் கேபிளின் தரத்தைவிடப் பலரைத் தடுக்கி விழ வைப்பது அது செல்லும் வழிதான். தொலைபேசி வயரை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சங்கிலியாகக் கோத்திருப்பார்கள்; கணினிகளைக் கம்பி வழியாக இணைக்கும் ஈதர்நெட்டுக்கோ ஒரு கேபிளின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கருவி மட்டுமே இருக்க வேண்டும். ஆகவே இடையிலுள்ள பெட்டிகளில் வரும் கேபிளுக்கும் போகும் கேபிளுக்கும் தனித்தனி ஜாக் (நெட்வொர்க் பிளக்கைச் செருகும் துளை) பொருத்தி, நடுவில் ஒரு சிறிய நெட்வொர்க் சுவிட்ச் (கேபிள்களுக்கிடையே தரவைக் கடத்தும் பெட்டி) வைக்க வேண்டும்.

ஜாக்கில் கம்பிகளை அமர்த்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். இரு முனைகளிலும் ஒரே வரிசை இருக்கட்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எல்லாம் முடிந்தும் வேகம் 100 மெகாபிட்டிலேயே நின்றால், நீல ஜோடியையோ பழுப்பு ஜோடியையோ சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். என் வீட்டில் பழுப்புக் கம்பி ஒன்று ஜாக்கின் பிளவில் முழுதாக இறங்காமல் மேலே தொற்றிக்கொண்டிருந்தது. கம்பியை ஜாக்கின் பிளவுக்குள் அழுத்தி இறக்கும் பஞ்ச்-டவுன் கருவியால் ஓர் அழுத்து அழுத்தியதும் சரியாகிவிட்டது.

டிவிக்கான கோஆக்ஸ் கேபிள் மட்டுமே இருந்தால், இரு முனைகளிலும் மோகா (MoCA) அடாப்டர், அதாவது கோஆக்ஸ் வழியாக நெட்வொர்க் தரவை அனுப்பும் கருவி, வைத்து அதிலும் நெட்வொர்க்கை ஓட்டலாம். வழியில் கேபிளைப் பல கிளைகளாகப் பிரிக்கும் பழைய ஸ்பிளிட்டர்களை 1675 மெகாஹெர்ட்ஸ் வரை கடத்துபவையாக மாற்றுங்கள். வெளியிலிருந்து கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மோகா சிக்னலை வெளியே விடாமல் தடுக்கும் மோகா ஃபில்டரையும் மறக்காமல் திருகிவிடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் சிக்னல் அதே இணைப்பிலுள்ள பக்கத்து வீடு வரை போய்விடக்கூடும்.