விழுந்த நாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: பிள்ளையின் தலையடியையும் ஓட்டிசத்தையும் பிரித்துப் பார்ப்பது எப்படி

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாத முடிவில் வங்கிக் கணக்கையும் எங்கள் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது என் வேலை. அதில் ஒரு பொறி உண்டு. ஒரே திகதியில் ஒரே தொகை இரண்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே செக்தான் என்று கண் முடிவு கட்டிவிடும். விசாரித்தால் அது வேறு ஆளின் செக்காக இருக்கும். என் மகன் விஷயத்தில் நான் இந்தப் பொறிக்குள் இரண்டு வருடம் கிடந்தேன்.

அவனுக்கு 20 மாதம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. கதவுத் தாழ்ப்பாளைப் போடாமல் மொட்டை மாடிக்கு உடுப்பு எடுக்கப் போனது நான்தான். அவன் நான்கு சீமெந்துப் படி உருண்டு நெற்றியில் அடிபட்டான். உடனே அழுதான், ஒரு தடவை சத்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டரை வயதிலும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஓட்டிசம், அதாவது பேச்சும் மற்றவரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை, என்றார் டொக்டர். "அண்டைக்கு விழுந்த விழுகைதான் பிள்ளையின்ட மூளையைக் குழப்பிப் போட்டுது" என்றார் மாமி. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதே கேள்வியோடு இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை, பதிவேடு வைக்கத் தெரிந்த ஒரு அம்மா.

பிள்ளை இன்றைக்குத்தான் விழுந்தது என்றால் ஓட்டிசத்தைப் பற்றிய யோசனையைத் தள்ளி வையுங்கள். கொஞ்ச நேரமாவது நினைவு தப்பினால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வந்தால், எழுப்பினால் எழும்பாவிட்டால், நடை தள்ளாடினால், தலைவலி கூடிக்கொண்டே போனால், உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அல்லது கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பில் சிறுவருக்கென்றே இருப்பது பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை 3 அடிக்கு மேலிருந்து விழுந்தாலோ, தலையின் பக்கத்திலோ பின்னாலோ மெத்தென்று வீங்கினாலோ காட்டத்தான் வேண்டும். நெற்றிப் புடைப்பு பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லை. எல்லாப் பிள்ளைக்கும் சீ.டி. ஸ்கேன் எடுக்க மாட்டார்கள், அதில் கதிர்வீச்சு இருக்கிறது. சில மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் சிகிச்சைதான். "ஸ்கேன் எடுக்காமல் ஏமாற்றிவிட்டார்கள்" என்று நான் மாதக்கணக்கில் புலம்பியது வீண்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டை உடனே படம் எடுத்து வையுங்கள். பிள்ளையின் நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்றைக் குறித்திருப்பார்கள், 15க்கு இவ்வளவு என்று. 13 முதல் 15 வரை லேசான அடி, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8உம் அதற்குக் கீழும் கடுமையானது. என் மகனின் கார்டில் 15/15. அந்த இலக்கத்தின் பொருள் எனக்குத் தெரிய வந்தபோது அவனுக்கு நாலு வயது.

இனிக் கொப்பி. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, இரண்டு பக்கத்தை விரித்து, நடுமடிப்பில் விழுந்த திகதியை எழுதுங்கள். இடப்பக்கம் விழுவதற்கு முந்தியவை, வலப்பக்கம் பிந்தியவை. இடப்பக்கத்தை முதலில் நிரப்ப வேண்டும். எல்லாரும் வலப்பக்கத்தோடு தொடங்குகிறார்கள். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது.

இடப்பக்கத்துக்கு ஞாபகத்தை நம்பாதீர்கள். விழுகைக்குப் பிறகு நம் ஞாபகம் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது. அதற்கு முன் எல்லாமே நன்றாக இருந்ததாகச் சொல்கிறது. போனில் உள்ள வீடியோக்களைத் திகதி வரிசையில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பெயரில் அது வந்து சேர்ந்த நாள்தான் இருக்கும், எடுத்த நாள் இருக்காது. எடுத்தவரின் போனில் சரிபாருங்கள். பிள்ளை பிறந்தபோது தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த மாதத்தில் என்ன செய்தது என்று குறிக்கும் பக்கம் இருக்கும். எங்களுடையதில் தடுப்பூசி எல்லாம் ஒழுங்காக இருந்தது, அந்தப் பக்கம் வெறுமை. உங்கள் பிள்ளை இன்னும் சின்னது என்றால் இன்றைக்கே நிரப்புங்கள். ஞாபகத்திலிருந்து எழுதும் வரிக்கு முன்னால் ஒரு புள்ளடி போடுங்கள், ஆதாரம் இல்லாத பற்றுச்சீட்டுக்கு நான் கடையில் போடுவது போல.

வீடியோவில் சொற்களை மட்டும் எண்ணாதீர்கள். ஒரு வயதை ஒட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா? ஒன்றரை வயதுக்குள் சுட்டுவிரலை நீட்டினானா? பிஸ்கட் கேட்டு நீட்டுவது ஒன்று. காகத்தையோ பிளேனையோ காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு. அந்த இரண்டாவதுதான் பெரிய விஷயம். டாட்டா காட்டினானா, "சாமி கும்பிடு" என்றால் கை கூப்பினானா, விளையாட்டுக் கோப்பையில் பொய்யாகத் தேத்தண்ணி குடித்தானா என்றும் பாருங்கள்.

முதலாவது பிறந்தநாள் வீடியோ எங்களிடம் இருந்தது. கேக்குக்கு முன்னால் அவனை என் கணவர் மடியில் வைத்திருக்கிறார். பின்னாலிருந்து நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். எண்ணிப் பார்த்தேன், ஏழு தடவை. சித்தி கை தட்டுகிறார். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அது விழுகைக்கு எட்டு மாதம் முன்பு.

பிறகு குடும்பத்தைக் கேளுங்கள். ஓட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது. இரட்டையர்களையும் சகோதரர்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள் அதையே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "எங்கட பக்கத்தில் ஒருத்தருக்கும் இல்லை" என்றுதான் முதல் பதில் வரும். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படித்தான். யார் பிந்திப் பேசினார்கள், யார் கூட்டத்துக்குள் வரமாட்டார்கள், யாருக்கு ஒரே சாப்பாடு, ஒரே கோப்பை வேண்டும் என்று கேளுங்கள். மாமி கீரை ஆய்ந்தபடி சொன்னார்: "இவனும் மூண்டரை வயசுக்குப் பிறகுதானே கதைச்சவன்." என் கணவரைப் பற்றி! இரண்டு வருடம் என்னோடு படியைப் பற்றிக் கதைத்தவர் இதை ஒரு தடவையும் சொல்லவில்லை. ஒளித்து வைக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இடப்பக்கத்திலேயே அறிகுறிகள் இருந்தால் விழுகை தொடக்கம் இல்லை. லேசாக ஒரு தடவை தலை இடிபட்டு ஓட்டிசம் உண்டானதாக மருத்துவம் காட்டியதில்லை. பிள்ளைகள் நடக்கவும் ஏறவும் விழவும் தொடங்குவது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட வயதில். ஓட்டிசம் பெற்றோர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதும் அப்போதுதான். சில பிள்ளைகள் 15 முதல் 24 மாதத்துக்குள் வந்த சொற்களையும் விட்டுவிடுவார்கள். அந்த ஒன்பது மாதத்தில் ஒரு தடவையும் விழாத பிள்ளை எங்கே இருக்கிறது? திகதி பொருந்தாமல் போனால்தான் அதிசயம். பயம் தெரியாமல் ஏறித் திரியும் பிள்ளை கூடுதலாக விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் சுத்தமாக இருந்து, கடுமையான அடிக்குப் பிறகு பிள்ளை மாறியிருந்தால் கதை வேறு. எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளைக்கு ஏழு வயதில் மோட்டார் சைக்கிள் இடித்தது. இரண்டு நாள் நினைவில்லை. அதுவரை வகுப்பில் பகிடி விடும் பிள்ளை. பிறகு மற்றவர் கதைக்கும்போது குறுக்கே கதைத்தாள், பகிடியை நிசமென்று நம்பி அழுதாள், பஸ் ஹோர்னுக்குக் காதைப் பொத்தினாள். பாடசாலையில் ஒருவர் இது ஓட்டிசம் என்றே சொல்லிவிட்டார். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி கடுமையாக அடிபட்டால் தன்னை அடக்கிக்கொள்வது, கவனம், எதிரில் இருப்பவரின் மனதைப் புரிந்துகொள்வது எல்லாம் குழம்பும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டிசம் போலவே இருக்கும். ஆனால் இவளுக்கு முதல் பாடம் நன்றாகப் போகும், இடைவேளைக்குப் பிறகு களைத்து உடைந்துவிடுவாள். காலையில் சொன்னது மத்தியானம் மறந்துவிடும். இந்தக் களைப்பையும் மறதியையும் அவள் அம்மா நேரம் போட்டு எழுதிக் காட்டிய பிறகுதான் வைத்தியர்கள் மூளைக் காயத்தின் வழியில் யோசித்தார்கள். இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. சின்ன வயதில் பட்ட அடியின் குறை சில வேளை ஐந்தாறு வருடம் கழித்து, பாடம் கடினமாகி நட்புகளும் சிக்கலாகும்போதுதான் வெளியே வரும். ஆகவே கடுமையான அடி என்றால் டயக்னோசிஸ் கார்டைப் பத்து வருடமாவது வைத்திருங்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்து சிறுமூளையில் இரத்தம் கசிந்த குழந்தைகளிடம் ஓட்டிசப் பண்புகள் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட வரலாறு இருந்தால் இடப்பக்கத்தில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.

பேச்சு திடீரென்று நின்றால், மூன்று வயதுக்குப் பிறகு நின்றால், அல்லது பிள்ளை இடையிடையே வெறித்துப் பார்த்து உறைந்தால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள். வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டி வரும். காதையும் சோதியுங்கள். பேச்சு பிந்திய எந்தப் பிள்ளைக்கும் கேள்திறன் சோதனை வேண்டும், காதுக்குப் பின் எலும்பில் அடிபட்டிருந்தால் கட்டாயம் வேண்டும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கே தலையில் அடிபடலாம். என் மகனுக்கு ஐந்து வயதில் ஊஞ்சல் பலகை அடித்தது. தலை வலிக்குது என்று சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை. அப்போது கொப்பிதான் உதவியது. வழக்கமாக ட்யூப்லைட்டை ரசிப்பவன் கண்ணை மூடிக்கொண்டான், பிடித்த புட்டைத் தள்ளினான், பகலில் தூங்கினான், நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்தினான். "ஓட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான்" என்றார்கள் ஓரிடத்தில். இல்லை, இவன் நேற்று வரை அப்படி இல்லை என்று கொப்பியைக் காட்டினேன். ஒன்றிரண்டு நாள் அமைதியாக வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழமைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாம் வாரத்தில் பழையபடி ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றான்.

கிளினிக்குக்குப் போகும்போது முழுக் கொப்பியையும் நீட்டாதீர்கள், யாருக்கும் நேரமில்லை. ஒரே தாளில் பத்து வரி, இரண்டு வீடியோ, டயக்னோசிஸ் கார்ட். சிங்களம் தட்டுத்தடுமாறினால் அந்தப் பத்து வரியை முன்கூட்டியே யாரிடமாவது சிங்களத்தில் எழுதி வாங்குங்கள். நேர்ஸ் "வெட்டுணாத?" என்று கேட்டபோது, பிள்ளை வெட்டுப்பட்டதா என்று கேட்பதாக நினைத்து மாமி "இல்லை, இல்லை" என்று தலையாட்டிவிட்டார். விழுந்தானா என்பதுதான் கேள்வி. பேச்சுச் சிகிச்சைக்குத் தமிழ் கதைப்பவர் இருக்கிறாரா என்று கேளுங்கள், வீட்டுமொழியில் நடந்தால் நல்லது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து றாகமையில் இயங்கும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயத்தி நிலையத்தைப் பற்றியும் உங்கள் டொக்டரிடம் கேட்கலாம்.

ஸ்கேனில் ஓட்டிசம் தெரியாது. பிள்ளையைப் பார்த்தும் வரலாற்றைக் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். மூளையைப் படம் எடுத்து ஓட்டிசத்தைக் காட்டுகிறோம், அழுத்தமான ஒட்சிசன் அறைக்குள் வைத்து மாற்றுகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். நான் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன். காரணம் தெரியட்டும் பிறகு தெரபி தொடங்கலாம் என்றும் இருக்காதீர்கள். விழுந்ததால் வந்தாலும் விழாமல் வந்தாலும், விரல் நீட்டிக் கேட்கப் பழக்குவதும் படம் காட்டிக் கதைப்பதும் இன்றைக்கே தொடங்கக் கூடியவை.

பிறந்தநாள் வீடியோவை மாமிக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தடவை பார்க்கும்போது, "எத்தனையாம் மாதம் இது?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "அப்ப நீ கதவைப் பூட்டியிருந்தாலும்..." என்று தொடங்கினார். பிள்ளை உள்ளே எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டு இரண்டு பேரும் எழும்பிப் போனோம்.