காரைக்குடிப் பக்கம் ஜங்குக் ரசிகர் குழு தொடங்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

தேவகோட்டையிலோ கோட்டையூரிலோ உட்கார்ந்து, பி.டி.எஸ். என்கிற ஏழு பேர் கொரியப் பாட்டுக் குழுவில் ஒருவரான ஜங்குக்கின் பாட்டைக் கேட்கிறவர்களுக்குப் பெரிய குறை ஒன்றுதான்: பேச ஆள் கிடையாது. வகுப்பில் இரண்டு பேர் பி.டி.எஸ். என்றால் தலையாட்டுவார்கள். வீட்டில் ஆத்தா, "யாருடா இது, உதட்டுல தோடு குத்தியிருக்கான்" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். மனசுக்குள்ளேயே ரசித்து ரசித்து அலுத்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. குழுவைப் பெரிதாக்கும் வித்தை எதுவும் இதில் கிடையாது. முப்பது பேர் தினமும் வாயாடுகிற குழு, ஆயிரம் பேர் வாய்மூடிக் கிடக்கிற குழுவைவிட மேல் என்பது என் கட்சி. அந்த முப்பது பேரைச் சேர்ப்பது, பேசவைப்பது, பத்திரமாக வைத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் பார்ப்போம்.

படி 1: செய்தி வேலையை விட்டுவிடுங்கள்

புதிதாகக் குழு தொடங்குகிற எல்லோரும் முதல் வாரம் செய்வது, கண்ணில் படும் செய்தியை எல்லாம் அள்ளிக் கொட்டுவது. அதற்கு நீங்கள் தேவையில்லை. அறிவிப்பு, நேரலை, கலைஞரே எழுதும் பதிவு எல்லாம் வீவர்ஸ் செயலியில் நேரடியாக வந்துவிடுகிறது. 2019 முதல் அது இருக்கிறது, உங்கள் உறுப்பினர்கள் பாதிப்பேர் ஏற்கெனவே அதில்தான் இருப்பார்கள். 2023-ல் ஜங்குக் நேரலையை ஓடவிட்டுக்கொண்டே தூங்கிப்போனபோது, அவர் தூங்குவதை லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அது "செய்தி". "நான் அதைப் பார்த்துக்கொண்டே கணக்கு அசைன்மென்ட் முடித்தேன்" என்று ஒருத்தி சொல்வதும், "எனக்கும் தூக்கம் வந்துடுச்சு" என்று இன்னொருத்தி பதில் போடுவதும்தான் உங்கள் குழுவின் வேலை.

2023 டிசம்பர் 12 அன்று அவர் ராணுவத்தில் சேர்ந்தார், 2025 ஜூன் 11 அன்று வெளியே வந்தார். அந்த ஒன்றரை வருஷம் புதுச் செய்தி அரிது. செய்தியை நம்பி ஓடிய குழுக்கள் அப்போது அடங்கிப்போனதை நானே பார்த்தேன். பேச்சை நம்பியவை ஓடிக்கொண்டுதான் இருந்தன.

படி 2: செயலியைத் தேர்ந்தெடுப்பது

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு குழுவில் சேர்ந்தால் உங்கள் கைப்பேசி எண் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பத்துத் தோழிகளுக்குள் என்றால் சரி. முகம் தெரியாதவர்கள் வரும் குழுவுக்கு, அதிலும் பள்ளி கல்லூரிப் பெண்கள் அதிகம் இருக்கும் குழுவுக்கு, நான் வேண்டாம் என்பேன். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். டிஸ்கார்ட் நல்லதுதான், ஆனால் முதல் முறை திறப்பவர் இடதுபக்கம் இருக்கும் பட்டியலைப் பார்த்தே மிரண்டு மூடிவிடுகிறார். தொடக்கத்துக்கு டெலிகிராம் போதும்.

உறுப்பினராகச் சேரும் ஒவ்வொருவரும் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்: செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் போன் நம்பர். யார் பார்க்கலாம் என்ற இடத்தில் "நோபடி". உடனே கீழே இன்னொரு கேள்வி திறக்கும், எண்ணை வைத்து உங்களை யார் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று. அங்கே "மை கான்டாக்ட்ஸ்". பலர் மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், கீழே உள்ளதும் முக்கியம். பிறகு அதே பகுதியில் குழுக்களில் உங்களை யார் சேர்க்கலாம் என்பதையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். முகப்புப் படத்துக்கு உங்கள் முகம் தேவையே இல்லை. எங்கள் பக்கம் ஆத்தங்குடிப் பூக்கல் படம் வைத்தவர்கள்தான் ஏராளம், யார் யார் என்று தெரியாமல் குழம்பினாலும் பரவாயில்லை.

குழுவைத் திறப்பவர் தனிக் குழுவாகவே வைத்திருங்கள். பொதுவில் தேடினால் கிடைக்கும்படி வைக்காதீர்கள். நிர்வாகிகள் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் பரீட்சைக்குப் படிக்கும்போது இன்னொருவர் பார்த்துக்கொள்ள.

படி 3: முதல் பத்துப் பேர்

இணைப்பை இன்ஸ்டாகிராமில் ஒட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். தெரிந்தவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். செட்டிநாட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஊருக்கு ஒரு சொந்தம் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். கச்சேரியை நேரில் பார்த்த ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்கள் ஒரு மாதம் கேள்வி கேட்பார்கள். வயசையும் பார்க்காதீர்கள். பேத்தியோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்து, பேத்தி வேறு பாடகருக்குத் தாவிய பிறகும் இவரை விடாத ஆச்சிகள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் குழுவில் ஒரு நிதானம் வரும்.

படி 4: நான்கே விதிகள்

பத்து விதி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் நின்றவை நான்கு.

ஒருவரைத் தூக்க இன்னொருவரை மிதிக்கக் கூடாது. ஜங்குக் ரசிகர்களுக்குள் பெரும் சண்டை இதில்தான் வரும்: தனியாகப் பாடுவது மேலா, ஏழு பேராகச் சேர்ந்து பாடுவது மேலா என்று. எது பிடிக்கும் என்று சொல்லலாம், மற்ற ஆறு பேரையும் மட்டம் தட்டினால் வெளியே.

எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத செய்தியைப் போடக் கூடாது.

கேட்காமல் யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது.

நான்காவது, "நான்தான் ஜங்குக்" என்று யார் வந்தாலும் உடனே நிர்வாகியிடம் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் அவர் தன் இன்ஸ்டாகிராம் கணக்கையே அழித்தார். அந்த மாதிரி நேரத்தில் "இது என் ரகசியக் கணக்கு" என்று வருகிற போலிகளுக்குக் கொண்டாட்டம். முதலில் நலம் விசாரிப்பார்கள், பிறகு கிஃப்ட் கார்டு கேட்பார்கள்.

படி 5: பேச்சை ஓடவிடுவது

இதில்தான் குழு பிழைக்கும் அல்லது சாகும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாக வருபவரிடம் "வணக்கம், விதிகளைப் படிக்கவும்" என்றால் அவர் படித்துவிட்டு அமைதியாகிவிடுவார். பதிலாகக் கேள்வி கேளுங்கள். எங்கள் குழுவில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, நான் புதுசு. எந்தப் பாட்டுல ஆரம்பிக்கட்டும்?"

"அது இருக்கட்டும் தங்கம், எதைப் பார்த்து இங்க வந்தே?"

"கத்தார் உலகக் கோப்பை. அப்பச்சி மேட்ச் பார்க்க டிவி போட்டாங்க. தொடக்க விழால இவர் பாடினார். மேட்ச்சை நான் பார்க்கவே இல்லை."

"அப்பச்சி?"

"அவங்க இப்பவும் 'அந்த ஃபுட்பால் பையன்'னுதான் சொல்றாங்க."

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் அவரவர் வீட்டில் ஜங்குக்குக்கு என்ன பெயர் என்று எழுதித் தீர்த்தார்கள். 2022 நவம்பர் 20 நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிய தகவலாக அது வந்திருந்தால் ஒரு இதயக் குறி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"ஆமாம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்வி உதவாது. "பிடிச்ச பாட்டு எது?" கூடச் சலிக்கும். "பஸ்ஸில் கேட்க முடியாத பாட்டு எது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். திருச்சி பஸ்ஸில் டிரைவர் போடும் பாட்டோடு போட்டி போட்ட கதை, அழுகை வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட கதை என்று வந்து விழும்.

அடுத்தது, ஒன்றாகக் கேட்பது. வாரம் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ஆல்பம் அல்லது ஒரு மேடை நிகழ்ச்சி. எல்லோரும் அவரவர் கைப்பேசியில் பாட்டைத் திறந்து, நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எழுதுவார், எல்லோரும் அழுத்துவார்கள். சில நொடி முன்பின் ஆகத்தான் செய்யும். இணையம் மெதுவாக இருக்கும் ஊர்க்காரர், முந்தியவர்களின் கூச்சலைப் பார்த்து "எனக்கு இன்னும் வரலை, சொல்லாதீங்க" என்று கெஞ்சுவதே ஒரு தனி ரசனை. பாட்டு ஓடும்போது எழுத்து மட்டும், குரல் வேண்டாம். முடிந்ததும் டெலிகிராமின் குரல் அரட்டையைத் திறங்கள், பேசப் பிடிக்காதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்வார்கள்.

பாட்டுக்கு எண்ணிக்கை ஏற்ற ராத்திரி பகலாக ஓடவிடச் சொல்லி விரட்டும் குழுக்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் போவதில்லை. விரும்புகிறவர் செய்யட்டும், செய்யாதவரை யாரும் கணக்குக் கேட்கக் கூடாது.

படி 6: நேரக் கணக்கு

கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். ஜங்குக்கின் 2023 தனி வெளியீடுகள் அங்கே வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு வந்தன, நமக்குக் காலை 9.30. பள்ளியில் முதல் பீரியட் நேரம். ஆகவே வெளியீட்டு நாளில் ஒன்றாகக் கேட்பதை ராத்திரிக்குத் தள்ளுங்கள், அதுவரை பாட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் ராத்திரி எட்டுக்கு மேல் எதையும் வைக்காதீர்கள்.

படி 7: பணம் புகுந்தால்

ஆல்பத்துக்குள் எந்தப் போட்டோகார்டு (பாடகரின் படம் அச்சிட்ட சின்ன அட்டை) வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் மாற்றிக்கொள்வதும் விற்பதும் எல்லாக் குழுவிலும் நடக்கும். அனுப்பும் முன் கார்டின் இரண்டு பக்கமும் தெரிய வீடியோ, அன்றைய தேதி எழுதிய தாளோடு. தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட் மட்டும், எண்ணை உடனே பகிர வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் போட வேண்டியதே இல்லை, போடச் சொல்கிறவர் திருடர்.

பத்துப் பேர் சேர்ந்து கொரியாவிலிருந்து ஆல்பம் வரவழைத்தால் பார்சல் செலவு பங்கிடலாம், மிச்சம்தான். ஆனால் சுங்க வரி பிறகு வந்து நிற்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரசீது, செலவு, கொடுக்க வேண்டியவர், கொடுத்தவர் எல்லாம் ஒரே தாளில் எழுதி, படமெடுத்துக் குழுவில் போடுங்கள். பர்மாவில் கடை வைத்தே பேரேடு எழுதிய ஊர்க்காரர்கள் நாம், போட்டோகார்டுக்கு ஐந்தொகை எடுக்கத் தெரியாதா? ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

படி 8: சின்னப் பிள்ளைகள்

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துச் சிறுமிகள் மூன்று பேர் பி.டி.எஸ்.ஸைப் பார்க்கக் கொரியா போவதாக வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறுவது திட்டம். காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். நம் குழுவிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கலாம். பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதானால் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், முடிந்தால் அந்த ஆத்தாவோ அக்காவோ குழுவிலேயே இருக்கட்டும். பிள்ளை யாராவது "வீட்டில் இருக்கப் பிடிக்கலை, எங்காவது போயிடலாம்னு இருக்கு" என்று எழுதினால், அதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ளாமல் பெரியவர் ஒருவர் தனியாகப் பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

படி 9: ஒரு நாள் நேரில்

ஜங்குக் பிறந்தது 1997 செப்டம்பர் 1. கொரியாவில் நள்ளிரவு ஆகும்போது நமக்கு ஆகஸ்ட் 31 இரவு 8.30. வாழ்த்துகளை அப்போதே போட்டுவிடுங்கள். நேரில் கூடுவதை அடுத்து வரும் ஞாயிறு பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். சதுர்த்தி அதை ஒட்டி வரும் வருஷங்களில் பிள்ளையார்பட்டிக் கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொள்ளும், தேதியைப் பார்த்து வையுங்கள்.

"கானாடுகாத்தானில் எங்க வீட்டு வளவிலேயே வைக்கலாமே" என்று யாராவது ஆசையாகச் சொல்வார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதித்துச் சாவி கைக்கு வருவதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும். காரைக்குடியில் ஒரு பேக்கரியில் மூலை மேசை கேளுங்கள், ஆளுக்கு ஒரு டீயாவது வாங்குவோம் என்று சொல்லுங்கள்.

டீக் கப்பைச் சுற்றி, பி.டி.எஸ். ரசிகர்களின் நிறமான ஊதாவில் காகிதப் பட்டை போடுவது கொரிய ரசிகர்களிடமிருந்து வந்த பழக்கம். கடையில் உள்ள காகிதக் கப் ஒன்றை முதல் நாளே வாங்கி, ஒட்டு இருக்கும் கோட்டோடு பிரித்து விரித்து வையுங்கள். நேராக இருக்காது, வளைந்திருக்கும். அதை அச்சாக வைத்து வரைந்து வெட்டினால் பட்டை கப்போடு ஒட்டி நிற்கும். நேர்ப்பட்டையாக வெட்டினால் கீழே தளர்ந்து நழுவும். படத்துக்கு இணையத்தில் கிடைத்ததை எடுக்காமல் குழுவில் வரையத் தெரிந்தவரிடம் கேளுங்கள். கேக் ஒன்று வாங்கினாலும், வீட்டிலிருந்து வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் கொண்டுவருகிறவர்தான் அன்றைக்குக் கதாநாயகி, சொல்லிவிட்டேன்.

முதல் முறை வருபவர்களைப் பழகிய ஒருவர் பஸ் நிலையத்திலேயே சந்தித்து அழைத்து வரட்டும். யாரும் யாருடைய வீடு எங்கே என்று கேட்க வேண்டாம், தானாகச் சொன்னால் சரி. படம் எடுக்கும் முன் கேளுங்கள். முகம் வரக் கூடாது என்பவர்கள் கப்பை மட்டும் நீட்டட்டும், ஊதாப் பட்டை போட்ட பதினைந்து கப் ஒரே படத்தில் நன்றாகத்தான் இருக்கும். கிளம்பும் முன் டீக் கணக்கைத் தீர்த்து, மிச்சத்தை அங்கேயே பங்கிட்டுவிடுங்கள்.