கெந்தலும் பந்து பிடித்தலும்: முற்றத்தில் அரைமணி நேரம்

விளையாட்டுப் போட்டி நெருங்கும்போதுதான் எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் முற்றத்துக்கு இறங்குகிறார்கள். அதுவும் ஓடிப் பழக மட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 3, 4 வயதுப் பிள்ளை நாளொன்றில் 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். அதில் அரைமணியை இப்படித் தொடங்குங்கள்.

முதலில் இடம். முற்றத்தைக் கூட்டி, பனங்கருக்கு, வேலி முள், போத்தல் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மணல் கால் சுடும். செருப்பு வேண்டாம்; வெறுங்காலில் விளையாடுவதால்தான் இந்தக் கவனம்.

அடுத்தது கயிறு. கிணற்றுக் கயிற்றை நேராகப் போட்டு அதன்மேல் நடக்க விடுங்கள். தடுமாறினாலும் உடனே கையைப் பிடிக்காதீர்கள். நேராக நடக்க வந்தபின் கயிற்றைப் பாம்புபோல வளைத்துப் போடலாம்.

பிறகு கெந்தல், அதாவது ஒற்றைக்காலில் துள்ளுவது. சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குங்கள். பிடிக்காமல் மூன்று எண்ணும்வரை நின்றால் கெந்தவிடலாம். இது பெரும்பாலும் 4 வயதளவில் கைகூடும். இரண்டு காலுக்கும் பழக்கம் வேண்டும்.

நான் அதிக நேரம் ஒதுக்குவது பந்துக்குத்தான். 3 வயதுப் பிள்ளை கைகளை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். பந்து நெஞ்சில் பட்டபிறகே அணைக்கும். முகத்துக்கு நேரே வந்தால் கண்ணை மூடித் தலையைத் திருப்பும். தயவுசெய்து "பயந்தாங்கொள்ளி" என்று ஏசாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் கடந்து வருகிற படி அது. டென்னிஸ் பந்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்; அந்த வேகத்துக்குச் சின்னக் கண்ணும் கையும் இன்னும் ஒத்துவராது. எதிரெதிரே கால் விரித்து இருந்து, பெரிய இறப்பர் பந்தை உருட்டி விளையாடுங்கள். சில நாள் கழித்து ஒருமுறை நிலத்தில் குத்தி எழும்ப விடுங்கள். அதுவும் வந்தபின், பழஞ்சீலையைச் சுருட்டித் தேங்காயளவில் ஒரு பந்து கட்டி, இரண்டு எட்டுத் தூரத்திலிருந்து கையைக் கீழிருந்து வீசி மெல்ல எறியுங்கள். எறியுமுன் பிள்ளையின் கண் பந்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஓட்டம். கை தட்டினால் ஓட்டம், தட்டுவது நின்றால் சிலைபோல நிற்க வேண்டும். ஓடுவதைவிட நிற்பதுதான் சிறுபிள்ளைக்குக் கடினம். இது வந்தால்தான் பின்னாளில் கிளித்தட்டு விளையாட்டில் கோட்டில் நின்று திரும்ப முடியும்.

யார் எதில் தடுமாறினார் என்று கொப்பியில் குறித்து வையுங்கள். 5 வயதாகியும் ஒரு பிள்ளை அடிக்கடி விழுந்தால், ஒரே பக்கக் காலையோ கையையோ தவிர்த்தால், தாயிடம் தனியாகச் சொல்லி, குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டச் சொல்லுங்கள்.