உங்கள் ஊர்த் தண்டவாளம் எந்தக் கம்பெனி போட்டது? கண்டுபிடிக்கும் வழி

சொந்த ஊர் ஸ்டேஷனின் கதையைத் தேடுகிறவர்கள் பலரும் முதலில் தடுமாறுவது கம்பெனிப் பெயரில்தான், ஏனென்றால் சதர்ன் ரயில்வே என்பதே 1951-இல் வந்த பெயர். அதற்கு முன்னால் நம் பக்கத்தில் ஓடியவை லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய தனியார் கம்பெனிகள். அவற்றில் மூத்தது மெட்ராஸ் ரயில்வே.

முதலில் மேப்பை எடுங்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இந்தக் கம்பெனி ரயில் விட்டது, சுமார் 100 கிலோமீட்டர். அப்புறம் ஜோலார்பேட்டை, சேலம், போத்தனூர், பாலக்காடு என்று மேற்கே போய் 1862-க்குள் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் பக்கம் அரபிக்கடலைத் தொட்டுவிட்டது. உங்கள் ஊர் இந்தக் கோட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்றைய தண்டவாளத்தின் அகலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நாகப்பட்டினம்–திருச்சி பாதையை 1860-களின் தொடக்கத்தில் கிரேட் சதர்ன் என்ற இன்னொரு கம்பெனி அகலப் பாதையாகப் போட்டது, பிறகு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலம் மட்டுமே உள்ள பாதை) ஆக்கினார்கள், நம் காலத்தில் மறுபடியும் அகலமாக்கினார்கள். அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் "அப்போ மீட்டர் கேஜா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பெரும்பாலும் அது சவுத் இந்தியன் ரயில்வேயின் பாதை, கிரேட் சதர்ன் 1874-இல் கர்நாடிக் என்ற ரயில் கம்பெனியோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட பெயர் அது.

ஸ்டேஷன் பெயரையும் கவனியுங்கள். 'ரோடு' என்று முடிந்தால் ஊர் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அங்கே இறங்கிச் சாலையில் போக வேண்டும் என்று அர்த்தம். இன்றைய வாலாஜா ரோடு பழைய குறிப்புகளில் ஆற்காடு என்றே வரும், ஆனால் ஆற்காடு பாலாற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. இது தெரியாமல் தேடினால் நாள் கணக்கில் அலைய வேண்டியதுதான்.

அடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகம். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி கிடைக்கும் என்று இந்த ரயில் கம்பெனிகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது, வருமானம் குறைந்தால் மிச்சத்தை அரசே கட்டியது, அதாவது நம் ஜனங்களின் வரிப்பணம். அதனால் கம்பெனிகளின் செலவுகளை அரசு கண்காணித்தது, அந்த எழுத்து வேலைதான் இன்று நமக்குக் கிடைத்த புதையல். பொதுப்பணித் துறைப் பதிவுகளில் ரயில்வே பகுதியை ஆண்டு சொல்லிக் கேளுங்கள். 1908-க்குப் பிறகென்றால் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா என்ற பெயரிலும் தேடுங்கள், மெட்ராஸ் ரயில்வேயின் பெரும்பகுதி அதில்தான் கலந்தது; ஜோலார்பேட்டைக்கு மேற்கே போன பாதை மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேக்குப் போனது.